சந்துக்கெல்லாம் ஒரே கடவுச்சொல்

மர்பி டவுனில் எங்கள் சந்துக்கு நெட் இழுத்துக் கொடுப்பவன் தினேஷ். எந்த வீட்டில் வைஃபை பெட்டி மாட்டினாலும் தன் செல் நம்பரையே கடவுச்சொல்லாக வைத்துவிடுவான். அந்த நம்பர் விளம்பரமாகச் சந்து முனைச் சுவரில் சிவப்பு பெயின்ட்டில் ஆள் உயரத்துக்கு இருக்கிறது.

கீழ்வீட்டு யசோதா அக்காவின் வேலைக்கே அது உலை வைத்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நோயாளிகளின் ஆஸ்பத்திரி காகிதங்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கிறவர் அவர். கணவர் கோவிந்தப்பா இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். அதனால் பொம்மசந்திரா ஆபீசில் கெஞ்சி வாங்கிய ஏற்பாடு. அன்று காலை ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். உங்கள் வைஃபையில் யார் யாருடைய போனோ ஏறியிருக்கிறது, இன்றைக்குள் சரிசெய்யாவிட்டால் நாளையிலிருந்து நேரில் வாருங்கள் என்றார்கள்.

தினேஷ் இதோ வருகிறேன் என்று மத்தியானம் வரை இழுத்தான். அக்கா பொறுக்கமாட்டாமல் பெட்டியின் பின்னால் இருந்த ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்தினார். பழைய கடவுச்சொல் போனது. அவன் போட்டு வைத்த செட்டிங்கும் சேர்ந்து போய், நெட்டே செத்தது. மறுபடி அவனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

வந்தவன் சிரித்தான். ஆளுக்கு ஒன்று வைத்தால் மறந்துவிட்டு என் உயிரைத்தான் எடுப்பீர்கள் என்றான்.

"சும்னே டென்ஷன் ஆவறீங்கக்கா. வீட்ல உக்காந்து ராக்கெட்டா உடறீங்க?"

"எவனெவனுக்கு மூலம் ஆபரேஷன்னு என் ஸ்க்ரீன்ல இருக்குது. நாளைக்கு உன்னுதும் வரும். செவுத்துல எழுதி வெக்கட்டா?"

அவன் லைனைச் சரிசெய்தான். பெட்டி புதுக் கடவுச்சொல் கேட்டதும் அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அக்காவே அதை டைப் செய்தார்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு விஜி போனும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். அக்காவின் வைஃபையில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளையின் பாடம் பாதியில் நின்றுவிட்டதாம், புது நம்பர் வேண்டுமாம். தந்தால் வேலை போய்விடும் என்றார் அக்கா. விஜியின் முகம் கறுத்தது.

"உன் வூட்டுக்காரர தூக்கி உக்கார வெக்க எங்க வூட்டு ஆளு வேணும். இது மட்டும் உன்னுதா?"

"கதவத் தட்டிக் கூப்பிட்டுத்தாண்டி தூக்கச் சொல்றேன். நீ எப்போ தட்டுன?"

விஜி போனாள். எதிர்வீட்டுக் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

நாளைக்கு யார் தூக்குவார்கள் என்று உள்ளிருந்து கோவிந்தப்பா கேட்டார்.

"நான் தூக்கறேன். பேசாம படுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தார். தானே வைத்த கடவுச்சொல்லைக் கோபத்தில் தப்பாக அடித்தார். மறுபடியும் அடித்தார்.