அக்காவின் கம்பமும் மூன்று ஸ்க்ரூக்களும்

முடிச்சூரில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் ஓர் அலுமினியக் கம்பம் இரண்டு வருடம் சாய்ந்து கிடந்தது. ஏறக்குறைய என் இடுப்பு உயரம், ஒரு ஓரம் கத்திபோல ஒடுங்கியிருக்கும். அதன் ஒரு முனையில் குறுக்காக ஒரு தண்டு மாட்டியிருந்ததால் பார்ப்பதற்குப் பிக்காசு மாதிரி இருக்கும். டிஷ் சரிபார்க்க வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, ஆன்டெனாவா?" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அது என் அக்காவின் ஹைட்ரோஃபாயில் கம்பம். அலைச்சறுக்குப் பலகைக்கு அடியில் அதை மாட்ட வேண்டும். கம்பத்தின் கீழே தண்டு, தண்டில் இறக்கை. கையிலிருக்கும் பாய்த்துணியில் காற்று பிடித்து வேகம் வந்ததும் இறக்கை தண்ணீருக்குள்ளிருந்து தூக்கும். பலகை கடலைவிட்டு மேலே எழும். அக்கா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. நாற்பது வயதில், விவாகரத்து முடிந்த வருடம், கோவளத்தில் போய் இதைக் கற்றுக்கொண்டாள். முதல்முறை பலகை மேலே எழுந்தபோது நான் கரையில் நின்றிருந்தேன். பத்து நொடி இருக்கும். விழுந்து எழுந்து வந்தவள், "சத்தமே இல்லடா, எல்லாம் நின்னு போச்சு" என்றாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மாட்டுவதும் பராமரிப்பதும் என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். சிறுசேரியில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஸ்பானர் பிடிக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. கம்பத்தையும் தண்டையும் இணைப்பவை மூன்று எவர்சில்வர் ஸ்க்ரூக்கள். எவர்சில்வரும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து, ஸ்க்ரூ இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, கிரீஸ் தடவ வேண்டும். இதை எனக்கு விளக்கியவளே அக்காதான், இது ஒரு சின்ன பாட்டரி மாதிரி என்று படமெல்லாம் போட்டு. ஆனால் அவள் கழற்ற விடமாட்டாள். "அடுத்த ஞாயித்துக்கெழம திரும்ப மாட்டணுமே, எதுக்குடா?" என்பாள். மணலோடு அப்படியே கார் டிக்கியில் போட்டுவிடுவாள். சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டை வற்றியது.

பிறகு மஸ்கட்டில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது கம்பத்தைப் பிரித்துப் பையில் வைக்க உட்கார்ந்தோம். பலகையும் இறக்கையும் எளிதாக வந்துவிட்டன. தண்டின் முதல் ஸ்க்ரூவும் முனகிக்கொண்டே வந்தது. அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மற்ற இரண்டும் அசையவில்லை. வெந்நீர் ஊற்றினேன், துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஒரு நாள் ஊறவைத்தேன், சுத்தியலால் தட்டினேன். கடைசியில் ஸ்பானர் வழுக்கி ஒரு ஸ்க்ரூவின் தலை மழுங்கியே போயிற்று. என் விரல் முட்டியில் ரத்தம்.

"கெமிஸ்ட்ரி பாடம் எடுக்கற, ஒரு பக்கெட் தண்ணி ஊத்தத் தெரியல! எதைத்தான் நீ ஒழுங்கா வெச்சுக்கிட்ட?" என்று கத்தினேன்.

அந்தக் கடைசி வாக்கியம் கம்பத்தோடு நிற்கவில்லை என்பது சொல்லி முடித்ததுமே எனக்குத் தெரிந்தது. அக்கா துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள். பலகையை ஒரு தோழிக்குக் கொடுத்துவிட்டு, கம்பம் இல்லாமலே விமானம் ஏறினாள். அதன்பிறகு எங்கள் தொலைபேசிப் பேச்சு அம்மாவின் மாத்திரையோடு முடிந்துவிடும்.

போன மாதம் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் வந்தார், கம்பத்தை எடுக்கச் சொன்னார். பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தவன், என்ன தோன்றியதோ, கீழே தெருவிலிருந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து டிரில் வாங்கிவந்து உட்கார்ந்தேன். ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. தலைகள் பறந்து தண்டு விடுபட்டதும், துளையில் மிச்சமிருந்த ஸ்க்ரூத் துண்டைக் குறடால் திருகி வெளியே எடுத்தேன். மரையில் அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடி இருந்தது. அதற்கு அடியில், கெட்டியாக, நீல நிறத்தில் ஒன்று ஒட்டியிருந்தது.

அது பசை. அதிர்வில் ஸ்க்ரூ கழன்றுவிடாமலிருக்க என் பைக்குக்குப் போடும் அதே நீலப் பசை. கடலில் ஸ்க்ரூ கழன்று அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, முதல் நாள், கிரீஸுக்குப் பதில் நான்தான் அதைத் தடவினேன். பிறகு மறந்தே போனேன்.

அன்றே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தெரியும்டா. அன்னிக்கே மொத ஸ்க்ரூல பாத்தேன்" என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதான?"

"நீ கத்தின கத்துல எங்க சொல்றது? நானும் கழுவல, அதுவும் நெசம்தான."

தனக்குப் பரிந்து அவளே பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தேன். இப்போது கடலுக்குப் போகிறாயா என்று மட்டும் கேட்டேன். வெள்ளிக்கிழமைகளில் போகிறாளாம், வாடகைப் பலகையாம்.

"கழட்டிக் கழுவறாங்களா?"

"தெரியலடா, நான் பாக்கறதில்ல."

"பாக்கறதில்லயா? கடல்ல நடுவுல கழண்டா என்ன பண்ணுவ? போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தொட்டுப் பாக்கணும்னு எத்தன தடவ..."

"கத்தாதடா" என்றாள் அக்கா. ஆனால் போனை வைக்கவில்லை.