முன்சக்கரம் இழுக்காத ஜீப்

கல்யாண வீடுகளில் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் போதும், எங்கள் ஜீப்புக்கு கியர் பாக்ஸ் மாற்றிய கதையை என் அண்ணன் ஆரம்பித்துவிடுவான். வீட்டு முற்றத்தில் வைத்தே இறக்கினோமாக்கும், ஒரு போல்ட் மிச்சமில்லாமல் மாட்டினோமாக்கும் என்று அளப்பான். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் சொல்வது பாதிக் கதை. மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். புதூர்ப் பக்கம் எங்கள் ஊர். தார் ரோட்டுக்கு வர மூன்று மைல் வண்டிப்பாதை, முழுக்கக் கரிசல். வெயிலில் வெடித்துக் கிடக்கும் மண், நாலு தூறல் விழுந்தால் களியாகிச் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அந்தப் பாதைக்காகவே அய்யா ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தார். பின்பக்கம் திறந்த தொட்டி. பருத்திப் பொதியும் மிளகாய் மூட்டையும் அதில்தான் போகும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி இருந்தது. அதைத் தள்ளினால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஐப்பசி அடைமழையில் ஊரை விட்டு வெளியே போகக்கூடிய வண்டி அது ஒன்றுதான்.

அய்யா தவறிய பிறகு வண்டி அண்ணன் கைக்கு வந்தது. இரண்டாவது கியர் போட்டால் நிற்காமல் கழன்று விழுந்துகொண்டிருந்தது. பல் தேய்ந்திருக்கிறது, அந்தப் பல்சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று கோவில்பட்டி மெக்கானிக் சொன்னார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. எங்கேயோ மரத்தில் மோதி நொறுங்கிய ஒரு ஜீப்பின் கியர் பாக்ஸ் பழைய இரும்புக் கடையில் கிடப்பதைப் பார்த்து வைத்திருந்தான். நாலு கியர், தார் ரோட்டில் பறக்கும் என்று சொன்னான். அது முன்சக்கரம் இழுக்காத ஜாதி வண்டியினுடையது.

முற்றத்தில் வேலை நடந்தது. அம்மா என்னைக் காபி கொடுக்க அனுப்பிக்கொண்டே இருந்ததால் நானும் பார்த்தேன். சீட்டையும் தரைத் தகட்டையும் கழற்றினார்கள். எஞ்சின் தொங்கிவிடாமல் அடியில் கட்டை கொடுத்து, பழைய கியர் பெட்டியைச் சங்கிலியில் கட்டி, பின்னால் இழுத்து இறக்கினார்கள். அதன் முதுகில் இன்னொரு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. முன்சக்கரத்துக்கு இழுவை கொடுப்பது அந்த இரண்டாவது பெட்டிதான். புதிதாக வந்ததில் அதை மாட்ட இடமே இல்லை. மெக்கானிக் எண்ணெய்க் கையோடு எழுந்து நின்று ஒருமுறை சொன்னார்.

“அண்ணாச்சி, இத மாட்டுனா முன்சக்கரம் இழுக்காது. யோசிச்சுக்கிடுங்க.”

“மூணு வருசமா வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கோம். மழையவே காங்கல. எந்தச் சேத்துல போயி இழுக்கப் போவுது?”

மழையில்லாத ஊர்க்காரனுக்கு வருகிற திமிர் இது. வானம் பார்த்துத்தான் விதைக்கிறோம், வானம் பார்த்துத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் மழை வரும் என்ற நினைப்பே மனசில் கிடையாது. குட்டைக் கம்பி இருந்த ஓட்டையில் துணியைச் சுருட்டி அடைத்தான். பழைய பெட்டிகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. அதற்குப் பிறகு அண்ணனை வீட்டில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. சினிமாவுக்குக் கோவில்பட்டி, போளி தின்னக் கடம்பூர் என்று பறந்துகொண்டிருந்தான்.

அந்த ஐப்பசியில் எனக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். திருநெல்வேலியில், காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும். கார்டு வந்த அதே வாரம் மழையும் வந்தது.

முதல் நாள் மத்தியானமே கிளம்பிவிடுகிறேன், தார் ரோடு வரை நடந்து பஸ் பிடித்து, கோவில்பட்டியில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

“வீட்டு வாசல்ல ஜீப்பு நிக்கி. வயசுப்பிள்ள சேத்துல நடந்து போயி இன்னொருத்தர் வீட்டுல படுக்கணுமா? காலையில நான் கொண்டு விடுதேன்.”

அம்மாவும் அவன் பக்கம் சாய்ந்தாள். விடிந்ததும் புறப்பட்டோம். முதல் ஓடை இறக்கத்திலேயே பின்சக்கரம் புதைந்தது. அண்ணன் எஞ்சினை உறுமவிட்டான். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. அப்போது அவன் இடது கை தன்னையறியாமல் அந்தக் குட்டைக் கம்பியைத் தேடிப் போனது. துணி அடைத்த ஓட்டையில் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆள் கூட்டி வருகிறேன், நீ இறங்காதே என்றான்.

நான் இறங்கினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சர்டிபிகேட் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு படி மண் ஏறியது. வழித்துப் போடுவேன், மறுபடி ஏறும். அண்ணனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். இந்தக் கதையில் எனக்கு நிம்மதியாக இருந்தது அந்தத் திட்டு ஒன்றுதான். திருநெல்வேலி போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அறையைப் பூட்டிக்கொண்டிருந்த குமாஸ்தா முழங்கால் வரை சேறாக நின்ற என்னைப் பார்த்து, மழைக்காலம் என்று தெரியுமே, முதல் நாளே வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். நல்ல மனுஷர்தான். எனக்குத்தான் அவர் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. அந்த வேலைக்கு எனக்கு இன்னொரு கார்டு வரவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணன் ஆறுதல் சொன்னான். போனால் போகுது, நீ சம்பாதித்தா இங்கே அடுப்பு எரிய வேண்டும் என்றான்.

கார்த்திகை பிறந்தது. மழை விடவில்லை. ஒருநாள் முற்றத்தில் மறுபடி ஜீப்பைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். தொழுவத்திலிருந்து பழைய பெட்டிகள் வந்தன. தேய்ந்த பல்சக்கரத்துக்குப் புதுசு வாங்கிக் கொண்டுவந்திருந்தார் மெக்கானிக். இரண்டே நாளில் எல்லாம் முடிந்து குட்டைக் கம்பி பழைய இடத்துக்கு வந்தது. இத்தனை சுலபமாக முடிகிற வேலையா இது என்று எனக்கு வயிறு எரிந்தது. இப்போது என்ன அவசரம் என்று அண்ணனிடம் கேட்டேன்.

“ஒன்னயப் பொண்ணு பாக்க கழுகுமலையில இருந்து வாராக. வாரவுகளச் சேத்துல நடக்கவிட முடியுமாட்டி?”

நக்கலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். என்ன சொல்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வந்தார்கள். தார் ரோட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான். ஒருவர் வேட்டியிலும் பொட்டுச் சேறு இல்லை. அம்மா காபித் தட்டை என் கையில் கொடுத்தாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள் அறைக் கதவைத் தாழிட்டேன். அம்மா தட்டினாள், அழுதாள். பிறகு அண்ணன் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, மானத்தை வாங்காதே என்றான்.

“முந்துன நாளே நடந்து போறேன்னு சொன்னேன். நீ விடல. இப்பம் வண்டி நல்லாத்தான ஓடுது, அவியள ஏத்திக் கொண்டுபோயி விடு.”

பிறகு ஜீப் கிளம்பும் ஓசை கேட்டது. ஓடை இறக்கத்தில் அது நிற்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை.