மூக்கால் பிழைத்தவர்

கேசவமூர்த்தி ஐயங்கார் மூக்கை வைத்துப் பிழைத்தவர். மைசூர் சந்தேபேட்டையில் ஓர் ஊதுவத்திக் கம்பெனியில் வாசனை பார்ப்பது அவர் வேலை. சந்தன எண்ணெய், புனுகு, மட்டிப்பால் எல்லாம் கலந்து கிண்ணத்தில் வரும். ஒரு தடவை முகர்ந்துவிட்டு ‘ஆகட்டும்’ என்பார். முகத்தைச் சுளித்தாரோ, முதலிலிருந்து மறுபடி கலக்க வேண்டியதுதான். அந்த மூக்குக்காகக் காபியை விட்டார், பொடியை விட்டார், வீட்டில் பெருங்காயத்தையும் நிறுத்தச் சொன்னார். பெருங்காய விஷயத்தை மட்டும் மனைவி ரங்கம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

உலகமே நாறுகிறது என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். தினமும் நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் வரும்போது மூஞ்சியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டேதான் வருவார்.

அன்று பம்பாயிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வருவதாக இருந்தது. புதுக் கலவையைக் கேசவமூர்த்தி சரி என்றால்தான் அவருக்குக் காட்டுவது என்று ஏற்பாடு. “உங்க மூக்கைத்தான் நம்பிண்டிருக்கேன் ஸ்வாமி,” என்று முதலாளி நரசிம்மமூர்த்தி முந்தின நாள் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் மனுஷருக்கு இரவெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை; விடிகிற நேரத்தில் அசந்துவிட்டார். கண் விழித்தபோது ஸ்டேஷனில் ரயில் கூவிக்கொண்டிருந்தது.

“அங்கவஸ்திரம் எங்கேடி?”

“ஈரமா கொடியிலே கிடக்கறது. இந்தாங்கோ,” என்று பெட்டியிலிருந்த கல்யாணத்து அங்கவஸ்திரத்தைத் தூக்கிப் போட்டாள் ரங்கம்மா.

ஓடினார். தெருமுனையில் சாணியில் வழுக்கினார். ரயில் போயே போய்விட்டது. பஸ்ஸில் ஏறினார். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷமாகியும் அந்த பஸ்ஸைக் கழுவ ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. முன்சீட்டுக்காரன் பீடியை ஊதித் தள்ளினான். இன்னொருவன் ஜன்னல் வழியாகத் துப்பிய வெற்றிலை எச்சில் காற்றில் திரும்பி இவர் கன்னத்தில் தெறித்தது. சீ, என்ன ஜன்மங்கள்! பக்கத்து சீட்டில் கொள்ளேகால் பக்கத்துக்காரி வள்ளியாத்தாள், மடியில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். இவர் அங்கவஸ்திரத்தால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டார்.

பாச்சை உருண்டை! வருஷக்கணக்காகப் பெட்டியில் ஊறின நெடி மண்டைக்குள் ஏறியது. துணியை எடுத்தால் கருவாடு, வைத்தால் பாச்சை உருண்டை. கருவாட்டுக்கு இது எவ்வளவோ மேல் என்று மைசூர் வரைக்கும் அதையே இழுத்துக்கொண்டு வந்தார். வள்ளியாத்தாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங் சாமி, அந்தத் துணியக் கொஞ்சம் தூரப் புடிங்களே. நாத்தம் கொடலப் பொரட்டுதுங்க.”

கருவாட்டுக்காரி தன்னைப் பார்த்து நாற்றம் என்கிறாள்! கேசவமூர்த்தி துணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கம்பெனியில் கிண்ணம் தயாராக இருந்தது. முகர்ந்தார். பாச்சை உருண்டை. வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து மறுபடி முகர்ந்தார். அப்போதும் பாச்சை உருண்டைதான்; சந்தனமும் இல்லை, புனுகும் இல்லை. முதலாளி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் இத்தனை வருஷத்து மரியாதை என்ன ஆகும்?

“ஆகட்டும்,” என்றார். சொன்ன மாத்திரத்தில் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வியாபாரி வாய் நிறைய ஜர்தாப் புகையிலையோடு வந்து சேர்ந்தார். கிண்ணத்தை எடுத்து முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வத்தி அடைக்கும் அட்டைப்பெட்டியின் மேலிருந்த லக்ஷ்மி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புடவைக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பு வேண்டும் என்றார். அவ்வளவுதான், ஒரு லாரி சரக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

அவரை வழியனுப்பிவிட்டு முதலாளி உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வேர்த்து விறுவிறுத்து நின்ற கேசவமூர்த்தியைப் பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது.

“பாவம், உங்களுக்கு எதுக்கு ஸ்வாமி இந்த அலைச்சல்? நாளையிலேர்ந்து காலம்பற இப்படி ஓடி வராதீங்கோ. பெட்டி மேலே படத்தை நன்னாப் போட்டாப் போறும், வாசனையை நாங்களே பாத்துக்கறோம்.”