குன்றத்தூர் மலை வளர்ந்த நாள்

குன்றத்தூர் மலை வளர்கிறது என்று ஒரு நாள் காலையில் எங்கள் கம்ப்யூட்டர் சொன்னது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, எந்த நிலம் இறங்குகிறது, எந்த நிலம் ஏறுகிறது என்று வரைபடம் போடுவது எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலை. இறங்கினால் சிவப்பு, அசையாவிட்டால் பச்சை, ஏறினால் நீலம். ஒரகடம் வட்டாரத்தை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தோம், அன்றுதான் நான் படத்தைக் குன்றத்தூர் வரை நீட்டியிருந்தேன். மலை முழுக்க, உச்சியில் இருக்கும் முருகன் கோயில் வரை நீலம். "இன்னா மேடம், முருகரு எழுந்து நின்னுகினாரா?" என்றேன். அறையே சிரித்தது. மேடமும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மேடம்தான் எங்கள் குழுவுக்குத் தலைவி. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு கோடு பிசகினால் போதும், நாள் முழுக்க அர்ச்சனைதான். அன்று அவர் கத்தவில்லை. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். "அது பாறைடா. பாறை எங்கயாச்சும் வளருமா? நாம வச்ச சைபர்தான் இறங்கிகினு இருக்கு" என்றார்.

ஓர் இடத்தை அசையாதது என்று வைத்துக்கொண்டு அங்கிருந்துதான் மற்ற எல்லாவற்றையும் அளப்போம். அதற்குப் பெயர் சைபர். தகரக் கூரை ரேடாருக்குப் பளிச்சென்று தெரியும், எங்கள் பக்கத்தில் கூரைக்கா பஞ்சம்! சேரப்பணஞ்சேரி அருகே ஒரு தொழிற்சாலைக் கூரையை மேடமே சைபராக வைத்திருந்தார். அது நின்றதோ ஏரியைத் தூர்த்த மண்ணில். கூரை இறங்க, அதோடு சேர்ந்து இறங்கிய அக்கம்பக்கமெல்லாம் படத்தில் பச்சையாக நின்றது. அசையாத மலை ஏறுவதாகத் தெரிந்தது.

அந்தப் பச்சைக்குள்தான் தொழிற்சாலை லைனில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கிய ஹாஸ்டல் இருந்தது. படிக்கட்டுச் சுவரில் விரிசல் என்று அதன் ஓனர் கேட்டபோது, நிலம் அசையவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தோம். மேடம் பாறையைச் சைபராக்கி மறுபடி ஓட்டினார். ஹாஸ்டல் இருந்த இடம் ரத்தச் சிவப்பு.

மேலிடத்தைக் கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வண்டி ஓட்டினேன். நைட் ஷிப்ட் முடித்த பெண்கள் அப்போதுதான் படுத்திருந்தார்கள். ஓனர் வாசலை மறித்தார். "இன்னாம்மா, நீங்கதான பச்சைன்னு குடுத்தீங்க? இப்ப வந்து பீதிய கெளப்புறீங்க?"

"நான்தான் குடுத்தேன். தப்பா குடுத்துட்டேன். பொண்ணுங்கள மொதல்ல இறக்குங்க" என்றார் மேடம். விரிசல் விட்ட அந்தப் படியிலேயே ஏறிப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "என்னக்கா இது, இப்பம்தான கண்ணசந்தோம்" என்று தெற்கத்திப் பெண் ஒருத்தி அழாத குறையாகச் சொன்னாள். பையும் வாளியுமாக எல்லோரும் வெயிலில் நின்றார்கள். கட்டடம் விழவில்லை.

அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த வாரமும் விழவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் பயந்துபோய்ப் பெண்களை வேறு இடத்தில் தங்கவைத்தார்கள். ஓனர் எங்கள் முதலாளியிடம் வந்து குதித்தார். வாடிக்கையாளர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டு கம்பெனி மானத்தை வாங்கிவிட்டார் என்று மேடத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது, ஆனால் என் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்?

மழை பிடித்ததும் ஹாஸ்டலின் படிக்கட்டுப் பக்கம் அப்படியே சரிந்தது. உடனே மேடத்துக்குப் போன் போட்டேன். 'நான் சொன்னேன்ல' என்று ஒரு சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். "உள்ள யாராச்சும் இருந்தாங்களா?" என்றுதான் கேட்டார்.

"காலி மேடம். ஒருத்தருமில்ல."

அவர் அழுவதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். பிறகு, "படத்த அன்னிக்கு எதுக்குடா குன்றத்தூர் வரைக்கும் நீட்டுன?" என்றார்.

"என் வூடு அங்க இருக்குல்ல மேடம். சும்மா, எப்டி தெரியுதுன்னு பாக்கலாம்னு..."

"உன் வீடு வேற எங்கயாச்சும் இருந்திருந்தா? அந்தப் பாறை படத்துலயே வந்திருக்காதேடா?"

இப்போது நான் எந்த வரைபடம் போட்டாலும் முதலில் பாறையைத்தான் தேடுகிறேன்.