நாற்பத்தொரு பேருக்கு எழுதியது

நாற்பத்தொரு பேருக்கு நான் எழுதிய கடிதத்தைத் தெருச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

எங்கள் பறவைக் குழு பத்து ஆண்டுகளுக்கு மேலாக மின்னஞ்சல் பட்டியலில்தான் இயங்கியது. ஒருவர் எழுதினால் அனைவரின் பெட்டிக்கும் போய்ச் சேரும். சிரம்பானிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஞாயிறு காலையில் தொலைநோக்கியோடு நடப்பவர்கள் நாங்கள். எங்களுக்கு ஒரு விதி உண்டு. எங்களோடு ஒரு முறையாவது நேரில் நடந்தவரைத்தான் பட்டியலில் சேர்ப்போம். வாசிப்பவர் ஒவ்வொருவரின் முகமும் தெரியும் என்பதால் கூடுகளின் இடத்தை ஒளிக்காமல் எழுதினோம். அடுத்த ஆண்டு வேறொருவர் போய்ச் சரிபார்க்க வேண்டுமே.

மலாயில் 'முரை பத்து' எனப்படும் பறவையின் கூட்டைப் பற்றியும் அப்படித்தான் எழுதினேன். கறுப்புத் தலை, செம்பழுப்பு வயிறு, உடலைவிட நீண்ட வால். பாடுவதாலேயே கூண்டுக்குப் போகும் பறவை. ரந்தாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் அக்கா ஒருவர் அதை எனக்குக் காட்டினார். சிரம்பான் ரஹாங்கில் அவருடைய மகள் எனக்கு அடுத்த வீடு, அந்தப் பழக்கம்.

"தங்கச்சி, மெதுவா வா. இந்தக் கட்டைக்குள்ளதான். மூனு வருசமா இங்கயே குடித்தனம்."

வீடு திரும்பியதும் எழுதி அனுப்பினேன்: தோட்டத்தின் பதினான்காம் நம்பர் காடு, மூன்றாவது வாய்க்கால், மூங்கில் புதருக்கு இடப்பக்கம், இடுப்பளவு உயரத்தில் உளுத்த கட்டை. மூன்று ஆண்டுகளும் அதே கட்டையில்தான் கூடு என்றும் சேர்த்தேன். அளந்து எழுதுவது என் வழக்கம்.

சென்ற ஆண்டு குழுவை இணைய மன்றத்துக்கு மாற்றலாம் என்றார், கணினித் துறையில் வேலை பார்க்கும் இளைய உறுப்பினர் ஒருவர். படங்களை வரிசையாகப் பார்க்கலாம், தலைப்பு வாரியாகத் தேடலாம், பெட்டி நிரம்பி வழியாது. எல்லாம் உண்மை. நானும் கை தூக்கினேன். ஆனால் பழைய கடிதங்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய் அங்கே கொட்டப் போவதாக அவர் சொல்லவில்லை. உறுப்பினர் அல்லாதவரும், பெயர்கூடப் பதியாமல், அவற்றை வாசிக்கலாம் என்றும் சொல்லவில்லை.

மாற்றிய மூன்றாம் மாதம் அக்கா போன் செய்தார்.

"மூனு பேரு மோட்டார்ல வந்தானுங்க. ஒருத்தன் ஹேண்ட்போன பாத்துக்கிட்டே நேரா மூங்கிலுக்குப் போறான். 'மூனாவது பாரிட், மூனாவது பாரிட்'னு சொல்லிக்கிட்டே போறான். குஞ்சு, தாய் எல்லாத்தையும் அள்ளிட்டானுங்க."

"அக்கா..."

"அது போவட்டும். அந்தக் காட்டுல நான் ஒருத்திதான வேல செய்யறேன்? நான்தான் வழி காட்டி வித்துட்டேன்னு மண்டோரு சொல்றாரு. நாளையிலேர்ந்து உரம் தூக்கப் போ-ங்கறாரு. என் முட்டிய நெனச்சுப் பாரு."

மன்றத்தைத் திறந்து பறவையின் பெயரைத் தட்டினேன். முதலில் வந்தது என் கடிதம். அவன் 'பாரிட்' என்று சொன்ன வாய்க்கால், மூங்கில், கட்டை எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்தை அச்செடுத்த பிறகுதான் மன்ற நிர்வாகியான அந்த இளைஞரை அழைத்தேன்.

"ஆன்டி, அது ஆர்க்கைவ் லா. பத்து வருச உழைப்பு, வீணாப் போகக் கூடாதுன்னுதான் போட்டேன்."

"என் கடிதத்தைப் போட என்னிடம் கேட்டீர்களா?"

"குரூப்புக்கு அனுப்பினதுதானே? ரகசியம்னா எழுதியிருக்கக் கூடாது, ஆன்டி. டென்ஷன் ஆகாதீங்க. வேணும்னா மன்றத்துல ஓட்டு வச்சுக்கலாம்."

ஓட்டு! என் கடிதம் அடுத்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா என்று, நேற்று சேர்ந்த முகம் தெரியாத ஆட்கள் கை தூக்கித் தீர்மானிப்பார்களாம். வீட்டுக்குள் பேசியதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, ஒலியைக் குறைக்க ஊரைக் கூட்டச் சொல்வது என்ன நியாயம்? அன்றைக்கே நீக்காவிட்டால் நாற்பது பேருக்கும் தனித்தனியே எழுதுவேன் என்றேன். ஒரு மணி நேரத்தில் நீக்கினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அச்சுத்தாளை இரண்டு முறை படித்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாம் அண்ணே. என் பெயர் மேலேயே இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். அக்கா யாருக்கும் வழி காட்டவில்லை."

"படிச்சவங்க நீங்க. இவ்ளோ தெளிவாவா எழுதுவீங்க? மேப்பே போட்டுக் குடுத்திருக்கலாம்."

அந்த அடியை வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து அக்கா பழைய வேலைக்கே வரலாம் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா தாளைக் கேட்டு வாங்கினார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். விரலை வரிமேல் வைத்து, கடைசிவரை வாசித்தார்.

"எல்லாம் கரெக்டாத்தான் போட்டிருக்க. ஆனா நான் ஒனக்குத்தான காட்டுனேன்? நாப்பது பேருக்குச் சொல்லப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல அக்கா."

"ம்." தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, உர மூட்டையை எடுக்கப் போனார்.

நிர்வாகிமேல் எனக்குள்ள கோபம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை. என்மேலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். மற்றவர்களின் கடிதங்கள் இன்னும் அந்த மன்றத்தில் கிடக்கின்றன. இருவாய்ச்சிப் பறவைப் பொந்து, ஆந்தைப் பெட்டி, எல்லாம் நம்பரோடு, வாய்க்காலோடு. ஒவ்வொரு மாலையும் இரண்டு பேரை அழைத்து, உங்கள் கடிதத்தில் யார் காட்டிய இடம் இருக்கிறது, அவருக்கு இது தெரியுமா என்று கேட்கிறேன். இதுவரை பதினெட்டுப் பேரிடம் பேசியாயிற்று. தங்கள் கடிதம் வெளியே கிடப்பதே அவர்களில் பதினான்கு பேருக்குத் தெரியவில்லை. தெரிந்த நால்வரில் ஒருவர் கேட்டார்: "அதனால என்னங்க?"

அவருக்கு அக்கா பட்டதை முதலிலிருந்து சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. அன்று இரவே தன் கடிதங்களை நீக்கச் சொல்லி எழுதினார்.