சொல்லாத ஆறு

பழைய கோட்டுகளுக்குக் கை குறைத்து, இடுப்பைப் பிரித்துத் தைக்கும் கடை அது. அவர் அங்கே தையல்காரர். இழுப்பறையில் பொத்தான் இருக்க வேண்டிய தட்டில் இறகும் முள்ளும் கிடக்கும். ஆள் வராத நேரத்தில் முள்ளின்மேல் இறகை வைத்து நூல் சுற்றிப் பூச்சி செய்வார். மீனை நம்பவைக்கும் பொய்ப்பூச்சி. அதைத் தூண்டிலில் கட்டி வீசுவதுதான் அவருடைய ஒரே கெட்ட பழக்கம் என்று மனைவி நினைத்திருந்தாள், வெளிநாட்டுக்குப் போய் வீசப்போவதாக அவர் சொல்லும்வரை.

அவள் மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். சீட்டை ஒரு தரம் பார்ப்பாள், கொண்டுவந்தவர் முகத்தை இரண்டு தரம்.

"அவ்வளவு தூரம் போய், புடிச்ச மீனைத் திரும்ப ஆத்துலயே விடுவீங்களா?"

"ஸ்டீல்ஹெட்டை விட்டுடணும். கடலுக்குப் போயிட்டு ஆத்துக்குத் திரும்பி வர்ற மீன் அது. சால்மன்னா ஒண்ணு ரெண்டு வச்சுக்கலாம்."

"விடுறதுக்குத்தான் புடிக்கிறேன்னு வெளியில சொல்லிடாதீங்க. எவனும் நம்ப மாட்டான்."

அவளே நம்பவில்லை.

துணைக்கு அவள் தம்பி போகிறான். பஸ் டிரைவர். அங்கே ஒரு வேன் எடுத்து, அதிலேயே படுத்து எழுந்து, ஆறு ஆறாகப் போவது திட்டம். கடலோரமாக நேர் சாலை, ஒரு மேடுகூடக் கிடையாது என்று அவர் சொல்லியிருந்தார்.

ஒரு சாயங்காலம் தம்பி மருந்துக்கடைக்கு வந்தான்.

"அக்கா, வாந்தி மாத்திரை குடு. நல்லா கேக்குறதா."

"யாருக்கு?"

"எனக்குத்தான். அடுத்தவன் ஓட்டுனா எனக்குக் குடலைப் புரட்டும்னு தெரியாதா?"

"பஸ் ஓட்டுறவனுக்கு வாந்தியா? வெளிய சொல்லாத. நீதானடா வேன் ஓட்டப்போற?"

"கடைசி நாலு நாள் மாமாவே ஓட்டுறாராம். மலைப்பாதையாம், வளைவுமேல வளைவாம். எந்த ஊருன்னு கேட்டா, பின்னாடி படுத்துத் தூங்குடாங்குறார்."

மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். கடலோரத்தில் மலை எங்கிருந்து முளைத்தது?

அதன்பின் அவர் போனில் பேசும்போதெல்லாம் துணி மடிக்க அந்த அறைக்கே வந்தாள். அவருடைய பாஸ்போர்ட் பீரோவிலிருந்து அவள் கைப்பைக்குப் போயிற்று.

பீரோவைக் குடைந்துவிட்டு அவர் சமையலறைக்கு வந்தார்.

"பாஸ்போர்ட் எங்கே?"

"மலைமேல இருக்கு. போய் எடுத்துக்குங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் தம்பி உளறிட்டானா?"

"அவ யாரு?"

"எவ?"

"மலைமேல இருக்கிறவ."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"அங்க ஒரு ஆறுதான் இருக்கு. அதோட பேரை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நேர் ரோடுன்னு உன்கிட்ட சொன்னது பொய்."

"ஒரு ஆத்துக்காகப் பொண்டாட்டிகிட்ட பொய்யா?"

"உன்கிட்ட சொன்னா உன் தங்கச்சிக்குப் போகும். அவகிட்ட இருந்து சகலைக்கு. போன வருஷம் ஏரியில உனக்கு ஒரு மூலையைக் காட்டுனேன். அடுத்த வாரம் போனா நிக்க இடமில்ல. சகலையோட ஆபீஸே தூண்டிலோட நிக்குது."

"அப்போ நான் ஓட்டை வாயி."

அவர் ஸ்டூலை ஒரு அடி பின்னால் நகர்த்தினார். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா இங்கேயே கோட்டு தைச்சுக்கிட்டு இருங்க."

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அருகில் வந்து காதில் சொன்னார். சின்னப் பெயர்தான். அவள் உதடு ஒரு தரம் அதைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது.

பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் சகலையும் வந்தார்கள். சகலை டிவியைப் பார்த்துக்கொண்டிருக்க, தங்கை கேட்டாள்.

"மாமா எந்த ஆத்துக்குப் போறாருக்கா? இவரு கேக்கச் சொன்னாரு."

தையல்காரர் டம்ளரை வாயருகே அப்படியே வைத்திருந்தார்.

"ஆறு எங்கடி? வளர்ப்பு மீன் விட்ட குட்டையாம். காசு கட்டுனா பக்கத்துலயே நாற்காலி போட்டுத் தர்றானாம். இவருக்கு முட்டிவலி வேற, தண்ணியில எல்லாம் நிக்க முடியாதே" என்றாள் மனைவி.

சகலை டிவியிலிருந்து திரும்பி அவர் முழங்காலை இரக்கத்தோடு பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் கிளம்பிப் போனபின் அவள் டம்ளர்களை எடுத்தாள். தையல்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யைச் சொன்னபோது அவள் குரல் பிசகவில்லை, கண் இமைக்கவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

அவள் உள்ளே போனதும் கேட்டார்:

"போன மாசம் கடையில ஸ்டாக் எடுக்குறாங்கன்னு லேட்டா வந்தியே. நிஜமாவே எடுத்தாங்களா?"