மச்சான் வரும் நேரம்

சாயங்காலம் கீழே கொசு மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் புகையின் டீசல் வாடை ஒன்பதாவது மாடிவரை ஏறி வந்ததும் நான் இப்போது குடியிருக்கும் ஹிஞ்சேவாடி மறைந்து, பூனாவின் இன்னொரு மூலையில் நான் வளர்ந்த கட்கி குவார்ட்டர்ஸ் கண்முன் வந்துவிட்டது.

வீட்டை மீறி அப்பாவைக் கட்டிக்கொண்டு பூனா வந்த அம்மாவுக்கு இந்தி தெரியாது. அவளுடைய அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு மாலை பக்கத்து வீட்டு இந்திக்காரம்மா, "பாபி, மச்சர் ஆ கயே!" என்று கத்தியிருக்கிறாள். அம்மாவின் காதில் அது 'மச்சான்' என்று விழுந்தது. அப்பா அவள் அண்ணனை அப்படித்தானே சொல்வார்! மாவுக் கையோடு வாசலுக்கு ஓடினாள். அங்கே கொசுக்கள்தான் மொய்த்துக்கொண்டிருந்தன; இந்தியில் மச்சர் என்றால் கொசுவாம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் கொசுவுக்கு மச்சான் என்றே பெயர். வேப்பிலைப் புகை போட்டபடி அப்பா, "மச்சான் வர்ற நேரமாச்சு, ஜன்னலைச் சாத்து" என்பார். அம்மா சிரிப்பாள். சாத்துவதற்கு முன் ஒருமுறை தெருவை எட்டிப் பார்ப்பாள்.

உடம்பெல்லாம் தடிப்போடு ஒருநாள் கேட்டேன். "கடவுள் எதுக்குப்பா கொசுவைப் படைச்சாரு?"

"ரத்த சொந்தம்னு யாராச்சும் வந்து போகணும்ல?" என்றார் அப்பா. அன்று அம்மா சிரிக்கவில்லை.

அவள் சாகும்வரை மாமா வரவேயில்லை.

"அப்பா, மச்சர்!" என்று மகள் கொசு அடிக்கும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். என் முழங்கையில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அடிக்காதேம்மா," என்றேன். "பாட்டியோட அண்ணன் இப்பத்தான் வந்திருக்காரு."